பெட்ஸ்கா வீட்டுப் புல்வெளியில் விற்பனைப் பலகை

லிண்டல் ஊரில் ஆர்லன் பெட்ஸ்காவை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் லிண்டலைப் பிடிக்காது. இருபத்தாறு வருஷம் இந்த ஏற்பாடு இரண்டு தரப்புக்கும் குறையில்லாமல் நடந்துவந்தது.

அவர் லிண்டல் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியில் வேதியியல் யார் நடத்துகிறார் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் விழிப்பார்கள். கோச் யார் என்று கேட்டால் கைக்குழந்தைகூட முகத்தைச் சுளிக்கும். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் ஊரே அந்த மைதானத்தின் தகரப் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கும். அறுவடை இயந்திரத்தைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. வந்து கோச்சைத் திட்டிவிட்டுப் போனால்தான் அவர்களுக்கு மிச்ச அறுவடை ஓடும்.

திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்ஸ்கா பந்தை எறியவிட மாட்டார். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் முட்டிமோதி ஓடலாம். அல்லது தூரத்தில் ஓடுகிற நம் ஆளுக்குத் தூக்கி எறியலாம். எறிந்தால் பார்க்கிறவர்களுக்கு விருந்து. ஆனால் காற்றில் போகிற பந்து யாருக்கும் சொந்தமில்லை, எதிராளி பிடித்துவிட்டால் போச்சு. யாருக்கும் சொந்தமில்லாத பந்து பெட்ஸ்காவுக்கு ஆகவே ஆகாது. அதனால் ஓட்டம், மறுபடி ஓட்டம், மறுபடியும் ஓட்டம். எருமை மந்தை சேற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதுபோல் அவருடைய பையன்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். நாலு எட்டு நகர்வார்கள், விழுவார்கள், எழுந்து சேற்றைத் துப்புவார்கள்.

"எறிய்ய்யா கோச்! எறி!" என்று பெஞ்சுகள் கத்தும். முதல் வருஷம் ஒன்றிரண்டு பேர் கத்தினார்கள். பிறகு அது ஊர்வழக்கமாகிவிட்டது. பேச்சு வராத பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட சொல் 'எறி' என்று சர்ச்சில் போதகரே வேடிக்கையாகச் சொன்னார். பெட்ஸ்கா அன்றைக்கு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் முதல் வேறு சர்ச்சுக்குப் போனார்.

மைதானத்தில் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்ததில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். அந்த முதுகைப் பார்த்தே ஊருக்கு இன்னும் எரிந்தது.

சரி, இவ்வளவு ஆகாத மனுஷனை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்றால், விரட்டும் அளவுக்கு அவர் தோற்றதில்லை. தோளில் தூக்கும் அளவுக்கு ஜெயித்ததும் இல்லை. ஒரு வருஷம் கொஞ்சம் கூட ஜெயிப்பார், கல்லூரித் தலைவர் கை குலுக்குவார். அடுத்த வருஷம் அதே அளவு தோற்பார், தலைவர் பெருமூச்சு விடுவார். இப்படியே கூட்டிக் கழித்து, ஓய்வு பெறப்போகிற கடைசி வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றபோது, நூற்று இருபத்தொன்பது வெற்றி, நூற்று இருபத்தொன்பது தோல்வி. எங்கே போனாலும் இந்தக் கணக்கை யாராவது அவர் காதில் போட்டார்கள். முடிவெட்டும் கடையில் போட்டார்கள். மளிகைக் கடையில் முட்டை எடுக்கும்போது போட்டார்கள். டோரீனுக்குப் பல்வலி என்று போன இடத்தில் பல் டாக்டர் போட்டார்.

டோரீன் அவர் மனைவி. ஊரில் அவளை எல்லோருக்கும் பிடிக்கும், அது அவருக்கு இன்னொரு குறை.

இந்தக் கணக்கு ஏன் பெரிய விஷயமானது என்றால் அந்தச் சுவரால்தான். லிண்டல் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் நடையில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. பழைய கோச்சுகளின் படங்கள் அதில் தொங்கும். எல்லாருடைய படமும் தொங்காது. மொத்தக் கணக்கில் தோல்வியைவிட வெற்றி கூட இருந்தால்தான் ஆணி. சமமாக இருந்தாலும் கிடையாது. யார் போட்ட விதியோ, போட்டவர் செத்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். அதைக் கட்டிக்காத்தவர் பெட்ஸ்கா.

அவருக்கு முன்னால் கோச்சாக இருந்தவர் டீன் ஹாஸ். ஊருக்கே செல்லம். பந்தை எறியச் சொல்வார், தோற்றாலும் சிரிப்பார், ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரனையும் தோளில் கைபோட்டு அழைத்துப்போய்ச் சாப்பிட வைப்பார். பெட்ஸ்கா அவரிடம்தான் உதவியாளராக இருந்து தொழில் பழகினார். டீன் செத்துப்போன வசந்தத்தில் அவருடைய தம்பி வெர்லின் ஹாஸ், அண்ணன் படத்துக்குச் சட்டம் போட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, பழைய மாணவர்கள் நாலு பேரோடு உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். விளையாட்டுப் பிரிவுக்கே அப்போது பெட்ஸ்காதான் பொறுப்பு.

"ஜெயிச்சது தோத்ததைவிடக் கூட இருக்கணும் வெர்லின். டீனுக்கு ஒண்ணு குறையுது" என்றார் பெட்ஸ்கா.

"ஒண்ணுதானே ஆர்லன்?"

"ஒண்ணுன்னாலும் குறைதான்."

"அவன் உனக்குச் சோறு போட்டவன். உன் கல்யாணத்துக்கு அவன் கோட்டைத்தான் நீ போட்டுக்கிட்டே."

"அதுக்கும் ரூலுக்கும் என்ன இருக்கு?"

பெட்ஸ்கா கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். கெட்டவர்கள் எப்போதாவது மனம் மாறுவார்கள். வெர்லின் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவர் வாயில் 'ஆர்லன்' வரவில்லை. 'கோச்' என்பார், துப்புவதுபோல.

வெர்லினுக்குத் தொழில் வீடு நிலம் விற்றுக்கொடுப்பது. லிண்டலில் அந்தத் தொழிலுக்கு அவர் ஒருவர்தான். 'விற்பனைக்கு' என்று சிவப்பில் எழுதி, கீழே வெர்லின் ஹாஸ் என்ற பெயரும் போன் நம்பரும் போட்ட பலகைகள் அவர் கடைக்குப் பின்னால் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும். அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் லிண்டல் முதல்முறை தோற்ற மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ஸ்கா செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தார். அவர் வீட்டுப் புல்வெளியில் ஒரு பலகை நட்டிருந்தது. அடுத்த தோல்விக்கு மூன்று. பிறகு ஒவ்வொரு தோல்விக்கும் புல்வெளி முழுக்கப் பலகை. ஊரைவிட்டுப் போ என்பதை இதைவிடப் பளிச்சென்று சொல்ல முடியாது. வெர்லின் ஒருநாளும் ஒரு பலகைகூட நட்டதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். லிண்டல் தோற்கிற சனிக்கிழமைகளில் கொட்டகையின் பின்கதவைப் பூட்ட மறந்துவிடுவார், அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பெட்ஸ்காவுக்கு முதலில் ரத்தம் கொதித்தது. போலீஸுக்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "அது இருக்கட்டும் கோச், ஆட்டத்தோட மூணாவது கால்பகுதியில ஒரு தடவையாவது எறிஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலோடு இறங்குவார், ஆட்டி ஆட்டிப் பிடுங்குவார், வீட்டுக்குப் பின்னால் எறிவார். டோரீன் அந்தக் கம்புகளைத் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாக வைத்தாள். ஆடு, கோழி, முயல் வராமல் இருக்கப் பலகைகளை வேலியாகச் சுற்றி அடித்தாள். லிண்டலில் பெட்ஸ்கா வீட்டுத் தக்காளி மாதிரி எங்கும் காய்த்ததில்லை. வரிசை வரிசையாக வெர்லின் ஹாஸின் பெயருக்கு மேலே பழுத்துத் தொங்கும்.

"நீ தோத்தாதான் ஆர்லன் எனக்குத் தோட்டம்" என்பாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

வியாழக்கிழமைகளில் வானொலி. பௌலிங் கூடத்தில் சாப்பாட்டு மேடை ஓரமாக மைக் வைத்து, உள்ளூர் வானொலிக்காரர் ரஸ், கோச்சோடு ஒரு மணி நேரம் பேசுவார். ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கேள்வி கேட்கலாம். பின்னால் பந்து உருண்டு கட்டைகள் தடதடவென்று சரிகிற சத்தத்துக்கு நடுவே பெட்ஸ்கா பதில் சொல்வார். வெர்லினும் அங்கேதான் உட்கார்ந்து பொரித்த இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நேரம் பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போவார். முன்பெல்லாம் எதிரே பெட்ரோல் பங்கில் காசு போட்டுப் பேசுகிற போன். கைப்பேசி வந்த பிறகு, கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியிருக்கும் தன் பிக்கப் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அங்கிருந்தே பேசுவார். கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவது தெரியும். ஒரு மூச்சு நேரம் கழித்து அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வரும். பேசி முடித்துத் திரும்பி வந்து ஆறிப்போன இறைச்சியைத் தின்பார். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அந்த ஊரின் மரியாதை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வியாழனன்று கூடத்தில் நிற்க இடமில்லை. எதிரணி பிரேடன் கல்லூரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிரேடனிடம் தோற்பதைவிட வயலில் ஆலங்கட்டி மழை பெய்வதே தேவலை என்று நினைக்கிற ஊர் அது. வெர்லின் எழுந்தார், வண்டிக்குப் போனார். போன் ஒலித்தது.

"லைன்ல யாரு?" என்றார் ரஸ், கண்ணாடிப் பக்கம் பார்க்காமல்.

"ஒரு விவசாயி. ஊருக்கு வெளிய இருக்கேன்."

"சொல்லுங்கய்யா."

"கோச்சுகிட்ட ஒரு சந்தேகம். அந்தப் பந்து எறியிற பையன், டானர். அவனுக்குக் கை இருக்குதா?"

"ரெண்டு இருக்கு" என்றார் பெட்ஸ்கா.

"எதுக்கு?"

"பந்தைப் பத்திரமா பக்கத்துல இருக்கிறவன் கையில கொடுக்க."

கூடம் சிரித்தது. கண்ணாடிக்கு வெளியே வெர்லினின் தோளும் குலுங்கியதுபோல் இருந்தது. ஆனால் குரல் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை தோத்தா உங்க படம் செவுத்துல ஏறாது. தெரியும்ல கோச்?"

"தெரியும்."

"ஒண்ணுதானே குறையும்? பாவம், படத்தை மாட்டிடலாமே."

கூடம் முழுக்கப் பெட்ஸ்காவைப் பார்த்தது. தூரத்துத் தடத்தில் யாரோ விவரம் தெரியாமல் பந்து உருட்டினார்கள், கட்டைகள் சரிந்தன.

"ரூல் ரூல்தான்" என்றார் பெட்ஸ்கா.

"அதைத்தான் கேக்க நினைச்சேன். போனை வைக்கிறேன்."

வெர்லின் திரும்பி வந்து உட்கார்ந்தார். பெட்ஸ்கா அவரைப் பார்த்தார், அவரும் பெட்ஸ்காவைப் பார்த்தார். பரிமாறுகிற பெண் வந்து, சூடுபண்ணித் தரட்டுமா என்று வெர்லினிடம் கேட்டாள்.

பெட்ஸ்காவுக்கு அந்தச் சுவர் வேண்டும். வெளியே சொன்னதில்லை, டோரீனிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அந்த நடையில் போகும்போதெல்லாம் கால் மெதுவாகிவிடும். கல்லூரித் தலைவர் முந்திக்கொண்டு ஒரு ஆணியை அடித்தே வைத்துவிட்டார். அந்த ஆணியைப் பார்த்தால் பெட்ஸ்காவுக்கு ஒரே நினைப்புதான். தன்னை வேண்டாம் என்ற ஊர் தன் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு அந்த நடையில் போகட்டும், தலைமுறை தலைமுறையாகப் போகட்டும். அவருக்கு வேண்டியிருந்தது கௌரவம்கூட இல்லை. பழி தீர்க்கிற ஆசை.

சனிக்கிழமை வடக்கிலிருந்து வெட்டுகிற காற்று. பெஞ்சுகள் நிறைந்து வழிந்தன. பெட்ஸ்கா முதுகைக் காட்டி நின்றார், பையன்கள் முட்டிமோதி ஓடினார்கள், பெஞ்சுகள் 'எறி' என்று கத்தின. எல்லாம் வழக்கம்போல. ஆனால் அன்றைக்கு எருமை மந்தை கொஞ்சம் வேகமாகவே தள்ளியது. கடைசி நிமிஷத்துக்கு வந்தபோது லிண்டல் நாலு புள்ளி முன்னால். பந்து லிண்டல் கையில். பிரேடனுக்குக் கடிகாரத்தை நிறுத்துகிற உரிமை எதுவும் மிச்சமில்லை. இனி ஆட வேண்டியதே இல்லை. டானர் பந்தை வாங்கி முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டும். மறுபடி வாங்கி மறுபடி ஊன்ற வேண்டும். கடிகாரம் தானாக ஓடித் தீரும். இதை ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும்.

பெஞ்சுகளுக்கு வெற்றி தெரிந்துவிட்டது. ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெர்லின் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, கையைக் குவித்து வாயில் வைத்துக் கத்தினார்.

"எறி கோச்! கடைசியா ஒரே ஒரு தடவை! எறி!"

ஜனங்கள் சிரித்தார்கள், கூடச் சேர்ந்தார்கள். எறி, எறி, எறி. தகரப் பெஞ்சில் காலால் தாளம் போட்டார்கள். வயதானவர்கள் ஊன்றுகோலைத் தட்டினார்கள். டோரீனே சிரித்துக்கொண்டு கத்தினாள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் விடைகொடுத்தார்கள். முட்டி போட வேண்டிய இடத்தில் எறியச் சொல்வதைவிடப் பெரிய வேடிக்கை ஃபுட்பாலில் கிடையாது. வேறெந்தக் கோச்சாக இருந்தாலும் திரும்பிக் கையாட்டியிருப்பார், தொப்பியைக் கழற்றியிருப்பார்.

பெட்ஸ்கா திரும்பினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தார். பார்த்தவருக்குக் காலால் தட்டுகிற கூட்டம் தெரிந்தது, திறந்த வாய்கள் தெரிந்தன, நடுவில் வெர்லின் தெரிந்தார். சிரிப்பு தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த ஒரு சொல்லில் வசையைத் தவிர வேறொன்றும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. ஜெயித்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் அவர் காதில் விழுந்தது.

தலையில் மாட்டிய கருவியில் உதவியாளர் குரல் வந்தது. "கோச், முட்டிதானே?"

"எறியச் சொல்லு."

"என்னது?"

"எறியச் சொல்லுன்னேன்."

"கோச், விளையாடாதீங்க. நாலு புள்ளி முன்னால இருக்கோம்."

"எனக்கு எண்ணத் தெரியும். இத்தனை வருஷமா கேக்குறானுங்க. குடுத்துத் தொலை."

டானருக்குச் சைகை போனது. அவன் கோச்சைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி பார்த்தான். பெட்ஸ்கா கையை உயர்த்தித் தூரத்தைக் காட்டினார். பையன் பந்தை வாங்கினான், பின்வாங்கினான், எறிந்தான். வருஷம் முழுக்க எறியாத கை. வடக்குக் காற்றில் பந்து அடிபட்ட வாத்து மாதிரி தள்ளாடியது. பெஞ்சுகளில் தாளம் பாதியில் நின்றது. பிரேடன்காரன் ஒருவன், அவனுக்கே நம்ப முடியாத முகத்தோடு, பந்தைப் பிடித்தான். பிடித்தவனைத் துரத்த லிண்டல் பையன்களுக்குத் தோன்றவே இல்லை. அவன் ஆறு புள்ளி தருகிற கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்று, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

நூற்று முப்பது தோல்வி.

ஆட்டம் முடிந்தால் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மிளகாய்க் கறியும் லவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவது லிண்டல் வழக்கம். தோற்ற நாட்களில் அங்கேதான் பெட்ஸ்காவை வறுத்தெடுப்பார்கள். தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். அவர் ஏதாவது சுருக்கென்று சொல்வார், அவர்கள் சூடாகப் போவார்கள். அன்றைக்கு அவர் தட்டோடு உட்கார்ந்தார். மேஜையில் யாரும் வந்து உட்காரவில்லை. ரொட்டி பரிமாறிய பெண் ஒரு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

"கேளுங்களேண்டா எவனாவது!" என்றார் பெட்ஸ்கா, சத்தமாக.

ஒருவரும் கேட்கவில்லை. டோரீன் வந்து அவர் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"வா வீட்டுக்கு."

"நீயும் கத்தினே. பார்த்தேன்."

"சிரிச்சேன் ஆர்லன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. உன்னைச் சந்தோஷமா வழியனுப்பினாங்க."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். அந்த இரவு முழுக்க வெறித்துக்கொண்டே இருந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எத்தனை இருக்கும் என்று படுக்கையிலேயே யோசித்துவிட்டார். இப்படி ஒரு தோல்விக்குப் புல்லே தெரியக்கூடாது. தெருவரைக்கும் நட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பக்கமும் போயிருக்கும்.

புல்வெளி காலியாக இருந்தது. பனி மட்டும் வெள்ளையாகப் படிந்து கிடந்தது, அதில் ஒரு காலடிகூட இல்லை.

வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். தக்காளித் தோட்டத்தில் பழைய பலகைகள் அப்படியே நின்றன. மறுபடி முன்பக்கம் வந்தார். சர்ச்சுக்குப் போகிற வண்டிகள் தெருவில் போயின. போனவர்கள் தலையைத் திருப்பவில்லை. சுத்தியலோடு அங்கேயே நின்றார். அவமானம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். தெரிந்திருக்கவில்லை. விரட்டக்கூட ஆள் இல்லாத வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

வெர்லினின் பிக்கப் வந்து நின்றது. அவர் இறங்கினார். சர்ச்சுக்குப் போகிற கோட்டு, சவரம் செய்யாத முகம்.

"கொட்டகைக் கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன்" என்றார். "ஒருத்தனும் வரல."

வெர்லின் வண்டியின் பின்னாலிருந்து ஒரு பலகையை இழுத்தார். நேரே புல்வெளிக்கு நடந்து வந்து, பெட்ஸ்காவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, உறைந்த மண்ணில் ஓங்கி ஓங்கி அடித்தார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, தன் கையால் அவர் நட்ட முதல் பலகை.

"கோணலா இருக்கு" என்றார் பெட்ஸ்கா.

"நேத்து போன பந்தைவிட நேராத்தான் இருக்கு." வெர்லினுக்கு மூச்சு வாங்கியது. சுத்தியலைத் தரையில் போட்டார். "ஜெயிச்ச ஆட்டம்யா அது! பிரேடன்காரன்கிட்ட! உன் படம் ஏறக்கூடாதுன்னு எத்தனை வருஷம் வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ஏறல. ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்கணும். வரல. வயிறு எரியுது. ஏன் எறிஞ்சே?"

"நீங்கதானே எறியச் சொன்னீங்க."

"நானா?"

"நீதான் முதல்ல எந்திரிச்சே. பார்த்தேன். இத்தனை வருஷமா வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சொன்னதும் நீதான். எறி, எறின்னு."

வெர்லின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னம் துடித்தது. கோபமா, அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நீ கேக்கவே மாட்டேன்னு நம்பித்தானே கத்தினேன், ஆர்லன்" என்றார்.

வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். பெட்ஸ்கா குனிந்து சுத்தியலை எடுத்தார். பலகையைப் பிடுங்கவில்லை. ஒரு கையால் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு அடி அடித்து நேராக இறக்கினார்.